பச்சைக் கதிர்க்குருவி: குளிர்கால வீடு தேடி

மரத்தின் மேலிருந்து அடிக்கடி வரும் அந்தக் கூரிய குரல் பச்சைக் கதிர்க்குருவியுடையது. எடை ஏறத்தாழ 8 கிராம். மத்திய ஆசியா, சைபீரியக் காடுகளில் கூடு கட்டும் இது, குளிரில் அங்கே பூச்சி கிடைக்காததால் தமிழ்நாட்டின் முண்டந்துறைக் காட்டுக்கு வலசை வருகிறது.

இடம் தேர்வதில் வெகு கறாரான பறவை. இலை அடர்ந்த மரங்களே வேண்டும். இரையான புழுவும் பூச்சியும் இலைகளில்தான் இருக்கின்றன. ஆணோ பெண்ணோ, ஒவ்வொன்றும் தனக்கென்று சில மரங்களைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரும் தன் இனத்தையே துரத்திவிடும். நீங்கள் கேட்ட குரல் அந்த எச்சரிக்கைதான். உயிரோடு இருந்தால், அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அதே மரங்களுக்கே வந்து சேரும். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கடந்து!

வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்தால் தளிரும் பூச்சியும் பெருகும். பொய்த்தால் இதற்கும் பஞ்சம்தான்.

ஏப்ரல் வரை இங்கே பார்க்கலாம். கிளைகளை ஒடிக்காதீர்கள், அவை ஒரு பறவையின் வீடு.