கொலையும் கொலையாகாத மரணமும்

ஒருவன் அடித்தான், மற்றொருவன் மாண்டான் என்பதில் தகராறே இல்லாத வழக்குகள் நமது ஹைகோர்ட்டுகளுக்கு அப்பீலாக ஏராளம் வருகின்றன. அங்கே வாதமெல்லாம், அது கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமா என்பதே. முன்னதற்குத் தூக்கு அல்லது ஆயுள் தண்டனை. பின்னதில், கொல்லும் எண்ணமோ அத்தகைய காயம் விளைக்கும் எண்ணமோ இன்றி, மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டுமே இருந்திருப்பின், அதிகபட்சம் 10 வருஷச் சிறை. ஆகவே பொதுஜனங்கள் இவ்வேற்றுமையை அறிந்திருப்பது அவசியமெனக் கருதுகிறோம்.

1860-ஆம் வருஷத்துப் பீனல் கோடின் 299, 300-ஆம் பிரிவுகள் இவற்றை விளக்கின. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவில் அவை 100, 101 ஆயின. சட்டத்துக்குச் சுதேசப் பெயர் சூட்டியவர்களும் அந்நிய ஆட்சியார் எழுதிவைத்த விளக்கத்தையே ஏற்றுக்கொண்டது கவனிக்கத்தக்கது.

1876-இல் பம்பாய் ஹைகோர்ட்டு தீர்த்த ஒரு வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 18 வயதுக் கணவன் தன் 15 வயது மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, முஷ்டியால் முகத்தில் இரண்டு மூன்று முறை குத்தினான். மூளையில் இரத்தம் கசிந்து அவள் இறந்தாள். செஷன்ஸ் ஜட்ஜு தூக்குத் தண்டனை விதித்தார். ஹைகோர்ட்டில் இரு நீதிபதிகள் மாறுபடவே, வழக்கு நீதிபதி மெல்வில் முன் சென்றது. மரணம் நேரக்கூடிய காயம் வேறு, இயற்கைப் போக்கில் மரணத்துக்குப் போதுமான காயம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டி, இது கொலையன்று எனத் தீர்த்தார். அச்சிறுமியின் உயிர் மலிவென்பது இதன் பொருளன்று. தண்டிக்கப்படுவது விளைவு மட்டுமன்று என்பதே.

ஆனால் கொல்ல நினைக்கவில்லை என்று சொல்லித் தப்பிவிடவும் இயலாது. 1958-இல் விர்ஸா சிங் வழக்கில் ஈட்டியால் வயிற்றில் ஒரே குத்துத்தான். நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: அக்காயத்தை விளைக்க எதிரி எண்ணினானா, அது தற்செயலாக நேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும், எண்ணியே செய்தானெனில், அது இயற்கைப் போக்கில் மரணத்துக்குப் போதுமானதா என்பதை அவன் மனத்தைக் கேளாமலே தீர்மானிக்கலாம். அப்பீல் தள்ளுபடியாயிற்று. ஆந்திர வழக்கொன்றில், அடி கைகால்களிலேயே விழுந்ததென்று ஹைகோர்ட்டு குற்றத்தைக் குறைத்தது. 1976-இல் சுப்ரீம் கோர்ட்டு, காயங்கள் அனைத்தும் சேர்ந்து மரணத்துக்குப் போதுமானவையே என்று கூறி மீண்டும் கொலையாக்கிற்று.

போதுமானதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை தருவது பிரேத பரிசோதனை செய்த டாக்டரின் சாட்சியமே. அப்பீல் நீதிபதிகள் டாக்டரைக் காண்பதில்லை. கீழ்க்கோர்ட்டில் எழுதப்பட்ட காகிதத்தைத்தான் காண்கிறார்கள். அங்கே கேட்கப்படாத குறுக்குக் கேள்வியை மேலே எவ்வளவு பெரிய வக்கீல் வந்தும் கேட்டுவிட முடியுமா? பணமுள்ளவன் நல்ல வக்கீலை முதலிலேயே அமர்த்திக்கொள்கிறான். ஏழைக்கோ சர்க்கார் நியமிக்கும் வக்கீலே கதி.

தூக்கோ ஆயுளோ விதிக்கத்தக்க வழக்குகளில், குறைந்தது 10 வருஷ அனுபவமுள்ள வக்கீல்களையே ஏழை எதிரிக்கு நியமிக்க வேண்டும், தயார் செய்துகொள்ளச் சாதாரணமாக 7 நாளாவது தர வேண்டும் என்று 2019 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. ஒவ்வொரு ஜில்லாவிலும் இது எவ்வளவு தூரம் அனுசரிக்கப்படுகிறது, அந்த வக்கீல்களுக்கு என்ன பீஸ் தரப்படுகிறது என்ற விவரத்தைச் சர்க்கார் வருஷாவருஷம் வெளியிட வேண்டுமென வற்புறுத்துகிறோம்.