விடை சரி, கதை எங்கே?

‘கொமரி ஒரு தழுமியை நிமிளினாள்’ என்று ஒரு வாக்கியம். கொமரி எதை நிமிளினாள்? ‘தழுமியை’ என்று யாரும் சொல்லிவிடலாம். தழுமி பழமா பாத்திரமா என்று இந்த வாக்கியத்தைப் புனைந்தவருக்கே தெரியாது. ஆனாலும் முழு மதிப்பெண். நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்துக்கு அடியில் வரும் கேள்விகளில் கணிசமானவை இந்த வகைதான். கேள்வியில் உள்ள சொல் எந்த வரியில் இருக்கிறதோ அதை அப்படியே எடுத்தெழுதினால் போதும். கதையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள். யார் எதற்காகக் கோபப்பட்டார்கள் என்று பிடிபடாத பிள்ளையால் அடுத்த வரிக்கு நகர முடியாது. வாசிப்பு, கதை எழுதுதல் என்று இரண்டு பயிற்சிகளாகப் பிரித்துவைத்ததில்தான் கோளாறு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஊர் திருவனந்தபுரம். கேரளத்தின் 2007 கலைத்திட்டத்தை ஒட்டி, பூஜப்புரையில் உள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி. கொண்டுவந்த ஆங்கிலப் பாடநூல்களில், மொழியியலாளர் கே. என். ஆனந்தன் வளர்த்த முறையின் தடம் உண்டு. ஆசிரியர் எளிய ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டே போய், இக்கட்டான இடத்தில் நிறுத்துவார். அந்தப் பாத்திரம் அப்போது என்ன பேசியிருக்கும், இரவு நாட்குறிப்பில் என்ன எழுதியிருக்கும் என்று பிள்ளைகள் முதலில் தனியாக எழுத வேண்டும். பிறகு குழுவாகக் கூடி ஒன்றாக்க வேண்டும். திருத்தம் கடைசியில்தான். அதிலும் முதலில் பார்ப்பது சொல்ல வந்தது வந்திருக்கிறதா என்பதை. அதற்குப் பிறகே வாக்கியம், எழுத்துப்பிழை.

பிழையோடு எழுதவிட்டால் பிழையே பழகிவிடாதா என்று பெற்றோர் கேட்பது நியாயம். பிஜித் தீவுகளில் ஆய்வாளர்கள் எல்லியும் மங்குபாயும் 1980களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வு இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. கிராமப்புற வகுப்பறைகளில் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். முதலாண்டில் வாசிப்பு வளர்ந்தது. இரண்டாமாண்டில் அந்த வளர்ச்சி எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. பிழையைக் கரைப்பது சிவப்பு மையைவிட, மீண்டும் மீண்டும் கண்ணில் படும் சரியான வாக்கியங்கள்தான். ஆனால் புத்தகமே இல்லாமல் எழுத மட்டும் சொன்னால் பெற்றோரின் அச்சம் பலித்துவிடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: ஆசிரியருக்கே ஆங்கிலத்தில் கதை சொல்ல வராவிட்டால்? கேரளம் 2016-17இல் தொடங்கிய ‘ஹலோ இங்கிலீஷ்’ திட்டம் ஆசிரியர் பயிற்சியை முன்னால் வைத்தது அதனால்தான். குழுவில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் ஆபத்தும் உண்டு. தனியாக எழுதிய தாளை ஆசிரியர் பார்க்காமல் குழுவின் தாளை மட்டும் பார்த்தால் அதுவே நடக்கும். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ தமிழும் மலையாளமும் கடந்து ஆங்கிலம் மூன்றாவது மொழி. அவர்களுக்கு ஒரு வழி உண்டு: பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படித்தால், கதைக்காகத் திணறாமல் மொழிக்கு மட்டும் முயன்றால் போதும். எல்லாம் இருந்தும், தேர்வுத்தாள் எடுத்தெழுதிய வரிக்கே மதிப்பெண் தரும்வரை ஆசிரியர் அந்த வரிக்குத்தான் திரும்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாற்றத்தை வினாத்தாள் தயாரிப்பவரிடமிருந்து தொடங்கலாம்.