வெள்ளிக் கரண்டியும் வெப்ளனும்

மனிதன் குறைந்த செலவில் நிறைந்த பயனை நாடுகிறான் என்று பொருளாதார வகுப்பில் பாடம் கேட்டோம். பாடம் முடிந்து கடைத் தெருவுக்கு வந்தால், உலகம் அவ்வாறு நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த முரண்பாட்டையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர் தார்ஸ்டீன் வெப்ளன்.

அவர் 1857-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் நார்வேயிலிருந்து குடியேறிய உழவர். 1884-இல் யேல் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றும் அவருக்கு வேலை கிட்டவில்லை. ஏழாண்டுகள் பண்ணை வீட்டில் புத்தகமும் கையுமாகக் கழிந்தன. ஓய்வைப் பற்றி உலகறிந்த நூலை எழுதப் போகிறவருக்கு இப்படி ஒரு கட்டாய ஓய்வு!

'ஓய்வு வர்க்கத்தாரைப் பற்றிய கோட்பாடு' என்னும் அந்நூல் 1899-இல் வெளிவந்தது. அதில் ஒரு கரண்டியைப் பற்றிய பேச்சு வருகிறது. கையால் செய்த வெள்ளிக் கரண்டியின் விலை 10 முதல் 20 டாலர். இயந்திரத்தில் செய்த அலுமினியக் கரண்டியோ 10 முதல் 20 சென்ட். உண்ணும் வாய்க்கு இரண்டும் ஒன்றே. பின் ஏன் வெள்ளியை நாடுகிறோம்? அழகுக்காக என்போம். நாம் அழகென மெச்சுவதில் பாதி, விலையே என்கிறார் வெப்ளன். செல்வர் மாளிகையின் முன்னுள்ள புல்வெளி மாடு மேய்வதற்கு ஏற்றது; ஆனால் மாடு பயனை நினைவூட்டும். ஆகவே, பயனற்ற மானை அங்கே உலவ விடுகிறார்களாம்!

இது செல்வரைப் பற்றிய கேலி மட்டுமன்று. ஒவ்வொரு படியில் இருப்பவரும் தமக்கு மேற்படியில் இருப்பவரைப் பார்த்தே நடக்கிறார். பரம ஏழையும் பிறர் கண்ணுக்கான செலவை முற்றும் விடுவதில்லை. தேவை வசதிக்காக மட்டும் என்றால், உற்பத்தி பெருகப் பெருக ஒரு நாள் போதும் என்று சொல்லிவிடலாம். அண்டை வீட்டாரை விஞ்சுவதே தேவையானால் எவ்வளவு விளைந்தும் போதாது. முதற் சம்பளத்தில் நான் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். என் தந்தையாரின் பழைய கடிகாரம் அப்போது பிழையின்றி ஓடிக்கொண்டிருந்தது. வெப்ளனை அதன் பிறகுதான் படித்தேன்.

பண்டம் செய்வது வேறு, பணம் செய்வது வேறு என்பது அவருடைய மற்றொரு கருத்து. விலை குறையாதிருக்க முதலாளிகள் உற்பத்தியை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகின்றனர் என்று 1921-இல் வெளியான நூலில் குற்றம் சாட்டினார். தொழிலைப் பொறியியல் வல்லுநர்களே நடத்த முடியும் என்றும் எண்ணினார். இங்கே என்னால் அவரைப் பின்பற்ற இயலவில்லை. வல்லுநர்களும் வெள்ளிக் கரண்டி வாங்குகிறவர்கள்தாமே?

1929 ஆகஸ்டு 3-ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர் காலமானார். மூன்று மாதத்திற்குள் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. தமக்குக் கல்லறையோ சிலையோ நினைவுச் சின்னமோ கூடாது என்று எழுதி வைத்திருந்தார். அவர் விரும்பியவாறே சாம்பலைக் கடலில் தூவினர்.