பழைய மீன்படகுக்கு எஞ்சின் பிராக்கெட்

சென்னையின் மேற்குப் பகுதியிலுள்ள கொரட்டூர், ஏரியை அடுத்த ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவ்வூர்த் தெருக்களிலும் ஜலம் சூழ்ந்தது. அச்சமயம் கடற்கரை மீனவர் தங்கள் படகுகளை நகருக்குள் கொணர்ந்து ஜனங்களைக் காப்பாற்றினர். ஆகவே, ஏரியோர ஊர்கள் பழைய கடற்படகு ஒன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் நலம். அதில் அவுட்போர்டு எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டைத் தெரிந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

முதலாவது, படகின் பின்பலகையைச் சுத்தியலால் தட்டிச் சோதிக்க வேண்டும். மந்தமான ஓசை, உள்மரம் உளுத்ததைக் காட்டும். எஞ்சின் எவ்வளவு பின்தள்ளி நிற்குமோ அவ்வளவுக்குப் பலகையின்மேல் இழுப்பு மிகும். உளுத்த பலகையில் எந்தப் பிராக்கெட்டும் நில்லாது.

இரண்டாவது, உயரம். சிறு எஞ்சின்கள் பெரும்பாலும் 15 அங்குலம், 20 அங்குலம் உயரமுள்ள பின்பலகைகளுக்கென இரு தினுசாக வருகின்றன. விசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்தை ஒட்டியிருத்தல் வேண்டும். மேலேறினால் விசிறி காற்றையிழுத்து வீணே சுழலும்; தாழ்ந்தால் வேகம் குன்றி, தெருவெள்ளத்தில் தரை தட்டும். ஆதலால் எஞ்சினை முழுதும் மேலே சாய்க்க இடந்தரும் பிராக்கெட்டே உகந்தது.

மூன்றாவது, பலகையை ஊடுருவும் துருப்பிடியாத போல்ட்டுகளும், உட்புறத்தில் அகன்ற தகடும், எஞ்சினைப் படகுடன் பிணைக்கும் சங்கிலியும் அவசியம். மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்து, தளர்ந்த போல்ட்டுகளை முடுக்கிவைத்தல் கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது.