கண்ணு பார்த்தா விரல் நம்புது!

ஊருக்குப் போகிற குஷியில் ட்ரெயினில் ஜன்னல் சீட் பிடித்து உட்கார்ந்திருக்கீங்க. பக்கத்து ட்ராக்கில் இன்னொரு ட்ரெயின் நிற்கிறது. திடீர்னு உங்க வண்டி மெதுவா நகருது. 'அப்பாடா, கிளம்பிட்டாங்கடா'னு காலை நீட்டி சாயறீங்க. பக்கத்து ட்ரெயினோட கடைசிப் பெட்டி கடந்து போகுது... பார்த்தா, எதிரே அதே டீக்கடை, அதே தூண், அதே பிளாட்பாரம்! கிளம்பினது அவன். நீங்க இன்னும் அங்கேயேதான்!

அசடு வழிய வேணாம் பாஸ், எல்லோருக்கும் நடக்கிறதுதான். ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? வண்டி கிளம்பும்போது முதுகில் வருகிற அந்த 'ஜெர்க்' அப்போ வரவே இல்லை. அப்படியும் உடம்பு நகர்ற மாதிரியே இருந்ததே, எப்படி?

எல்லாம் நம்ம ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்தான். வேகம் மாறும்போதுதான் உடம்புக்குச் சேதி தெரியும். ஒரே சீரான வேகத்தில் போனால், முதுகுக்கும் காதுக்குள் இருக்கிற பேலன்ஸ் உறுப்புக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அவங்க ரெண்டு பேரும் கம்முனு இருக்கிற நேரம் பார்த்து கண்ணு கதை விடுது. மூளையும் 'நகர்றோம் போல'னு கையெழுத்துப் போட்டுடுது.

ட்ரெயின் கதையில் மொத்த உடம்பும் ஏமாறுகிறது. வெறும் விரல் நுனியைக் கண்ணால் ஏமாற்ற முடியுமா? இந்தக் கேள்விக்குப் போகும் முன்னாடி ஒரு அருவியைப் பார்த்துட்டு வந்துடலாம்.

1834-ல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் அருவியை வேடிக்கை பார்த்தார். விழுகிற தண்ணீரையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாறைக்குப் பார்வையைத் திருப்பினால்... பாறை மேலே போகிறது! கீழ்நோக்கிய அசைவைக் கவனிக்கிற நரம்பு செல்கள் பார்த்துப் பார்த்து களைத்துப் போய்விட, மேல்நோக்கிய அசைவைக் கவனிக்கிற கோஷ்டியின் கை ஓங்கிவிடுகிறது. சும்மா நிற்கிற பாறையும் ஏறுவதாகத் தெரிகிறது. அடுத்த தடவை குற்றாலம் போனா குளிக்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அருவிக்கு எங்கே போறதுங்கிறவங்க, சினிமா முடிஞ்சு பேரெல்லாம் மேலே ஓடும்போது உட்கார்ந்து பாருங்க. (அதை யாரு பார்க்கிறா!)

இதே தந்திரத்தை 2009-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் டாலியா காங்கிள், கிறிஸ்டோபர் மூர் குழுவினர் விரலில் சோதித்தார்கள். முன்னால் ஒரு கம்ப்யூட்டர் ஸ்க்ரீன். அதன் பின்பக்கம், விரல் நுனி அளவே உள்ள ஒரு கருவி. ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் 60 குட்டிக் குட்டி ஊசிமுனைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக அதிரும். ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, ஸ்க்ரீனில் மேலேயோ கீழேயோ ஓடுகிற கோடுகளை 10 விநாடி பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கோடுகள் மறைந்த உடனே, ஒரே ஒரு வரிசை ஊசிகள் மட்டும் நின்ற இடத்திலேயே ஒருமுறை அதிரும். அதில் நகர்தல் என்பதே கிடையாது. ஆனால், விரல் வைத்திருந்தவர்களுக்கு அந்த அதிர்வு நகர்ந்தது! கோடு மேலே ஓடியிருந்தால் அதிர்வு கீழே வருடியது. கோடு கீழே ஓடியிருந்தால் மேலே. களைத்தது கண்ணு, ஏமாந்தது விரல்!

அப்புறம் அதையே திருப்பிப் போட்டார்கள். காலி ஸ்க்ரீனைப் பார்த்தபடி 10 விநாடி விரலில் அதிர்வு மேலேயோ கீழேயோ ஓடுகிறது. முடிந்ததும் ஸ்க்ரீனில் அசையாத கோடுகள். அவை எதிர்த்திசையில் நகர்வதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணை ஏமாத்த விரல் நுனியே போதும்!

மூளையின் பின்பக்கத்தில் எம்.டி. என்றும் வி5 என்றும் சொல்லப்படும் ஓர் இடம் இருக்கிறது. கண் வழியாக வருகிற அசைவை அலசுவதுதான் அதன் வேலை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2002-ல் வெளியான ஒரு ஆய்வில், கையை பிரஷால் வருடியபோதும் அந்த இடம் வேலை செய்தது ஸ்கேனில் தெரிந்தது.

அப்போ அசைவு விஷயத்தில் கண்ணும் தோலும் ஒரே டிபார்ட்மென்ட்தானே? நானும் அப்படி எழுதி முடிச்சிருப்பேன், எல்.எம். பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால்.

எல்.எம். என்பது ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஆய்வாளர்கள் வைத்த அடையாளம். மூளையில் ஏற்பட்ட ரத்தக்குழாய் பாதிப்பால், அவர் அசைவைப் பார்க்கும் திறனை இழந்தார். நிறம் தெரியும், பொருட்கள் தெரியும், படிக்க முடியும். அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் டீ ஊற்றினால் அது உறைந்துபோன பனி மாதிரி தெரியுமாம். மட்டம் ஏறுவதே கண்ணுக்குத் தெரியாததால், எப்போது நிறுத்துவது என்று புரியாமல் வழிந்துவிடும். அறையில் நாலு பேர் நடமாடினால், இங்கே இருந்தவர் திடீரென்று அங்கே இருப்பார். நடுவில் நடந்ததைக் காணோம்! ரோட்டைக் கடப்பது அதைவிடக் கொடுமை. தூரத்தில் இருந்த கார், அடுத்த கணம் மூக்குக்கு முன்னால் நிற்கும். 1983-ல் ஜோசஃப் ஸீல் குழுவினர் இதையெல்லாம் எழுதியபோது இன்னொன்றையும் பதிவு செய்தார்கள். தோலில் ஏதாவது ஊர்ந்தால் எல்.எம்.முக்கு அது நகர்வது ஒழுங்காகவே தெரிந்தது!

ஆக, தோலுக்கென்று தனி வழி இருக்கத்தான் செய்கிறது. என்னைக் கேட்டா, இது நம்ம காலேஜ் மாதிரி. மெக்கானிக்கலும் இ.சி.இ-யும் வேற வேற பில்டிங். ஆனா கேன்டீன் ஒண்ணு. இங்கே பேசின பேச்சு அங்கே போகாம இருக்குமா? எம்.ஐ.டி. ஆட்கள் விரலில் பிடித்தது அந்த கேன்டீன் பேச்சைத்தான்.

எல்.எம். பிறகு சத்தத்தை வைத்து கார் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்கப் பழகிக்கொண்டார். டீ விஷயத்துக்கு, பார்வையில்லாத பலர் கையாளும் ஒரு வழி இருக்கிறது. டம்ளர் விளிம்புக்கு உள்ளே விரல் நுனியை வைத்துக்கொண்டு ஊற்றுவார்கள். மட்டம் ஏறி வந்து விரலைத் தொட்டதும் நிறுத்துவார்கள். இன்னிக்கு ராத்திரி ரூம்ல கண்ணை மூடிக்கிட்டு நீங்களும் செஞ்சு பாருங்க. பச்சைத் தண்ணியில பாஸ், கொதிக்கிற டீயில வேணாம்!