எத்தனை கேன் கடல் வேண்டும்?

படப்பையில் குடிதண்ணீர் என்றால் பல வீடுகளில் கேன்தான். ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவர்கள், 20 லிட்டர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாடகை வீட்டின் மாடிப்படி ஏறுகிறார்கள். வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிற புதியவருக்கு, எந்த அளவுத் தொட்டி வாங்குவது என்ற கேள்விக்கு அந்தக் கேனை வைத்தே விடை சொல்லிவிடலாம்.

மீன் கடைகளில் தொட்டியை அடிக்கணக்கில்தான் சொல்வார்கள்: 2 அடி, 3 அடி, 4 அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 2 அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் கொள்ளும். கல், மணல், மேலே விடும் இடம் போக உண்மையில் நிற்பது ஏறக்குறைய 45 லிட்டர். கேன் கணக்கில் இரண்டே கால். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் இதே கழிவுகள் போக 165 லிட்டர் தேறும். அதாவது எட்டு கேனுக்குச் சற்று மேல்.

சின்னத் தொட்டியில் வேலை குறைவு என்றுதான் பலரும் நினைத்து வாங்குகிறார்கள். நன்னீர் மீனுக்கு அது ஓரளவு பொருந்தலாம். கடல் மீனுக்கு நேர்மாறு. கடல் நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கும். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உருவாகிற அம்மோனியா, நடுநிலையான தண்ணீரில் இருப்பதைவிட இந்த நிலையில் பல மடங்கு நஞ்சாக மாறுகிறது. இரவு ஷிப்டுக்குப் போன நேரத்தில் கல்லிடுக்கில் ஒரு மீன் செத்துக் கிடந்தால், 45 லிட்டரில் சேரும் நஞ்சு 165 லிட்டரில் சேருவதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு அடர்த்தியாக இருக்கும். வீடு திரும்பும்போது ஒரு தொட்டியில் ஒரு மீன் போயிருக்கும். இன்னொன்றில் எல்லாமே போயிருக்கும்.

அடுத்தது ஆவி. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சென்னை வட்டாரத்து வெயிலில், மின்விசிறிக் காற்றும் படுகிற தொட்டியில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் வரை மட்டம் இறங்குவது சாதாரணம். இங்கே கொள்ளளவைவிட ஆழத்துக்குத்தான் மதிப்பு. கால் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் அகலமான அழகுத் தொட்டி, லிட்டர் கணக்கில் பெரிதாகவே இருந்தாலும், நான்கே நாளில் கால் பங்குக்கு மேல் இழந்துவிடும். ஒன்றரை அடி ஆழத்தில் அதே இழப்பு இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதற்காக இரண்டரை அடி உயரத்துக்குப் போனால் கை அடிவரை எட்டாது, சுத்தம் செய்வது தண்டனையாகிவிடும். மட்டம் இறங்கினால் ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்புகள் நாளடைவில் தொட்டியிலேயே தங்கிவிடும். கேன் தண்ணீரையும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுவது நல்லது.

உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது? 1909-ல் தொடங்கிய பழைய மீன் காட்சியகம் மெரினாவில் கடலை ஒட்டியே இருந்தது. இப்போது ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் பெரிய காட்சியகமும் கடலோரத்தில்தான். படப்பைக்காரர் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்க் கேனில் மொண்டு வரலாம் என்று கணக்குப் போடுவார். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் முட்டுக்காட்டு முகத்துவாரம் திறந்து நன்னீர் கடலில் கலக்கும்போது கரையோரத்து உப்பளவு சரிந்துவிடும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கடலில் எண்ணெய் படர்ந்ததை மறந்திருக்க மாட்டோம். மீன் தொட்டிக்கென்று விற்கிற கடல் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பதே புதியவருக்குப் பாதுகாப்பு. லிட்டருக்கு 35 கிராம் என்றால் ஒரு கேனுக்கு 700 கிராம். சமையல் உப்பு இதற்கு உதவாது, அதில் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டிய அளவில் இல்லை.

கேன் கணக்கின் பயன் இங்கேதான். வாரம் ஒரு கேன் தண்ணீரை எடுத்துவிட்டு, உப்புக் கரைத்த புதுத் தண்ணீர் ஒரு கேன் விடுவது ஒரு மனிதரால் சலிக்காமல் செய்யக்கூடிய வேலை. எட்டு கேன் தொட்டிக்கு அது எட்டில் ஒரு பங்கு மாற்றம், தாராளமாகப் போதும். அதே அளவு மாற்றத்தை 6 அடித் தொட்டிக்குச் செய்ய நான்கைந்து கேனும் மூன்று கிலோவுக்கு மேல் உப்பும் வாராவாரம் வேண்டும். ஓவர்டைம் வந்த வாரம் வேலை தள்ளிப்போகும். தள்ளிப்போன வேலை பிறகு நின்றே போகும்.

இணையத்தில் பார்க்கிற கையடக்கப் பவளத் தொட்டிகள் இங்கே பொருந்தாததற்கு இன்னொரு காரணம் சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001-லேயே சேர்க்கப்பட்டுவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்து வரும் செத்த பவளக்கல்லை வாங்குவதும் குற்றம்தான். ஆகவே நம்மூர்ப் புதியவருக்கு வாய்த்தது, செயற்கைக் கல் அடுக்கி மீன் மட்டும் வளர்க்கிற தொட்டி. பவளம் இல்லை என்றால் கண்ணைப் பறிக்கும் விளக்குச் செலவும் இல்லை, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

எந்த மீன் என்பதும் அளவோடு சேர்ந்த கேள்வி. 2003-ல் வந்த படத்தால் எல்லோருக்கும் ‘நீமோ’ ஆகிவிட்ட கோமாளி மீன் பத்து சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. குஞ்சகத்தில் வளர்ந்த மீன் தொட்டி வாழ்க்கைக்கும் குருணைத் தீனிக்கும் பழகியிருக்கும். ஒரு ஜோடிக்கு 3 அடித் தொட்டி போதும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும், ஜோடி சேர்க்கிற வேலைகூட நமக்கு இல்லை. அதே படக் கதையின் நீல நிற ‘டோரி’ 30 சென்டிமீட்டர் வரை வளரும், ஓயாமல் நீந்தும். கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கிறதே என்று அதை வாங்குகிறவர், 6 அடித் தொட்டிக்கும் முன்பணம் கட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். டேம்சல் மீன்கள் விலை மலிவு, எதையும் தாங்கும். ஆனால் முதலில் குடியேறியது பிறகு வருகிறவர்களை விரட்டியே கொல்லும்.

தொட்டி நிரம்பியதும் மீனை விட்டுவிடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்கிற அந்தக் காலம் வீட்டாருக்குப் பெரிய சோதனை. கத்திரி வெயிலில் தொடங்காமல் இருந்தால் இன்னொரு தலைவலியும் குறையும்: 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர், ஏ.சி. இல்லாத அறையில் மே மாதம் 30-ஐத் தாண்டிவிடும். சின்னத் தொட்டி அறையோடு சேர்ந்து சீக்கிரம் சூடேறும், பெரியது மெதுவாக ஏறும். கடல் நீரில் கரையும் ஆக்ஸிஜன் நன்னீரைவிடக் குறைவு, சூட்டில் இன்னும் குறையும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீரின் மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றை விடுகிறார்கள். காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் நாளில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பதிலுக்கு மேலே சொன்ன ஆவிக் கணக்கு கூடும்.

வாடகை வீட்டில் கடைசியாகப் பார்க்க வேண்டியது எடை. 3 அடித் தொட்டி தண்ணீர், கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து கால் டன்னை நெருங்கும். மாடி அறையின் நடுவில் வைக்காமல், கீழே பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வைப்பது நல்லது. வீட்டு உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒப்பந்த வேலை முடிந்து வீடு மாறும்போது தண்ணீரை இறைத்துவிட்டால், 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த 3 அடித் தொட்டி 40 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும், இரண்டு பேர் படியிறக்கிவிடலாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரமுள்ள 12 மில்லிமீட்டர் தொட்டி 80 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அதற்கு நான்கு பேரும் திருப்பம் அகலமான மாடிப்படியும் வேண்டும்.