தலைப்பாகையைத் தாண்டிய பார்வை



இக்கட்டுரை ஹாரி பாட்டர் நாவல்களின் தொடக்க அத்தியாயங்களைப் பற்றியது. தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் மந்திரக்கோலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். என் பதில் எளியது. ஒரு நூலை வரிவரியாகப் படிப்பது எப்படி என்பதை விரிவுரை மண்டபத்தில் கற்றதைவிட, விடுதி நடைவழியில் இந்நாவல்களைப் பற்றி நடந்த வாய்ச்சண்டைகளில்தான் நான் அதிகம் கற்றேன். அந்தச் சண்டைகளில் ஒன்றில் நான் செய்த தவறும் இக்கட்டுரையில் வரும். கதையின் முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள், நாவல்களை முடித்துவிட்டு இப்பக்கத்திற்கு வரவும்.

முதல் வாசகி

ஜே.கே. ரௌலிங்கின் முதல் நாவல் 1997 ஜூன் 26ஆம் நாள் லண்டனிலுள்ள புளூம்ஸ்பரி பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. கெட்டி அட்டையில் முதலில் அச்சானவை 500 படிகள் மட்டுமே. அதற்கு முன் 12 பதிப்பகங்கள் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பியிருந்தன. புளூம்ஸ்பரியின் தலைவர் நைஜல் நியூட்டன் தொடக்கப் பக்கங்களை வீட்டிற்கு எடுத்துச் சென்று, தம் எட்டு வயது மகளிடம் படிக்கக் கொடுத்தார். படித்து முடித்த சிறுமி, மீதிக் கதை எங்கே என்று கேட்டு விடாமல் நச்சரித்தாள். தொடக்க அத்தியாயங்களைப் பற்றிப் பேசிய முதல் ரசிகை அவள்தான் என்றால் அது மிகையாகாது.

அவளுடைய கேள்வியைப் பிற்காலத்தில் உலகமே கேட்டது. நான்காம் நூல் 2000 ஜூலை 8ஆம் நாள் வந்தது. ஐந்தாம் நூலுக்கு 2003 ஜூன் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! புதிய நூல் இல்லாதபோது ரசிகர்கள் பழைய நூல்களுக்கே திரும்பினார்கள். முதல் நூலின் முதல் சில அத்தியாயங்களில் ஆசிரியர் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று தேடத் தொடங்கினார்கள்.

எங்கள் விடுதியிலும் அதுதான் நடந்தது. ஐந்தாறு பேருக்கு ஒரே நூல். அட்டை கிழிந்து, ஒட்டுநாடாவால் உயிர் பிழைத்த நூல். வெள்ளிக்கிழமை இரவுகளில் ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு மாமாக் கடையில் கூடுவோம். தே தாரேக் ஆறும். வாக்குவாதம் மட்டும் ஆறாது.

விதைத்ததும் விளைந்ததும்

தேடியவர்கள் ஏமாறவில்லை. முதல் அத்தியாயத்தில் குழந்தை ஹாரியை ஹாக்ரிட் ஒரு பறக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டு வருகிறார். வண்டி ஏது என்று டம்பிள்டோர் கேட்க, சிரியஸ் பிளாக் இரவல் கொடுத்தான் என்கிறார் ஹாக்ரிட். ஒரே வரி. அந்தப் பெயரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1999இல் வந்த மூன்றாம் நூலில் அதே சிரியஸ், சிறையிலிருந்து தப்பிய கைதியாகவும் ஹாரியின் ஞானத் தந்தையாகவும் வந்து நின்றபோதுதான், பலர் முதல் நூலைத் தேடி எடுத்துப் புரட்டினார்கள்.

அதே அத்தியாயத்தில் டம்பிள்டோர் ஒரு சிறு வெள்ளிக் கருவியை 12 முறை சொடுக்கித் தெருவிளக்குகளை அணைக்கிறார். அது வெறும் வேடிக்கை என்றே எண்ணினோம். பத்தாண்டுகள் கழித்து, 2007இல் வெளிவந்த இறுதி நூலில் அக்கருவி ரானுக்கு உரிமையாகிறது. பிரிந்து சென்ற அவனை நண்பர்களிடம் திரும்ப அழைத்து வருவதும் அதுவே.

எட்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். மருந்துக் கலவைப் பாடத்தின் முதல் வகுப்பில் ஆசிரியர் ஸ்னேப், ஹாரியிடம் கேள்விகள் கேட்கிறார். அவற்றுள் ஒன்று பெசோவர் என்னும் கல்லைப் பற்றியது. நம் மருத்துவத்தில் பேசப்படும் கோரோசனை மாட்டின் பித்தப்பையில் கிடைப்பதுபோல, இது ஆட்டின் வயிற்றில் கிடைப்பது, நஞ்சை முறிப்பது. 2005இல் வந்த ஆறாம் நூலில் நஞ்சருந்திய ரானின் உயிரைக் காப்பது இந்தக் கல்தான். ஒரு மாணவனை அவமானப்படுத்தக் கேட்ட கேள்வி, ஐந்து நூல்கள் தாண்டி ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது.

முளைக்காத விதைகள்

ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் துப்பு ஆகிவிடாது. ஹாரி வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில், முதல் அச்சில் 'ஒரு மந்திரக்கோல்' என்பது இருமுறை இடம்பெற்றிருந்தது. அது அச்சுப்பிழை, வேறொன்றுமில்லை. தம் இடது முழங்காலுக்கு மேல் லண்டன் சுரங்க ரயில் வரைபடம் போன்ற தழும்பு இருப்பதாக டம்பிள்டோர் முதல் அத்தியாயத்தில் சொல்கிறார். அந்த வரைபடம் எங்கே உதவப் போகிறது என்று ரசிகர்கள் இறுதி நூல் வரை காத்திருந்தார்கள். எங்கும் உதவவில்லை. அது ஒரு நகைச்சுவை, அவ்வளவே.

எங்கள் குழுவில் என்னைவிட ஓராண்டு இளையவள் ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே இருப்பாள். அவளைப் பிடித்து ஆட்டிய சிக்கல் கிழமை பற்றியது. இரண்டாம் நூலில் தலை முழுதும் துண்டிக்கப்படாத நிக் என்னும் ஆவி 1492இல் இறந்ததாகவும், அதன் ஐந்நூறாவது நினைவுநாள் கொண்டாடப்படுவதாகவும் வருகிறது. அப்படியானால் அது 1992ஆம் ஆண்டு. ஹாரி பிறந்தது 1980. பெற்றோர் கொல்லப்பட்டது 1981 அக்டோபர் 31. ஆனால் கதை தொடங்கும் அந்த நாள் செவ்வாய்க்கிழமை என்று முதல் அத்தியாயம் கூறுகிறது. அவள் கணினியின் நாட்காட்டியைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தாள். 1981 நவம்பர் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை!

மேலும், வீடு இடிந்த இரவுக்கும் ஹாரி பெரியம்மாவின் வாசலில் விடப்பட்ட இரவுக்கும் இடையே ஒரு முழு நாள் இருக்கிறது. அந்த நாள் முழுதும் குழந்தை எங்கே இருந்தது? இந்தக் 'காணாமற்போன 24 மணி நேரம்' உலகெங்கும் ரசிகர்கள் விவாதித்த பெரும் புதிர்.

"இதில் பெரிய இரகசியம் இருக்கிறது, அக்கா," என்றாள்.

"கணக்கில் தவறியிருப்பார்," என்றேன் நான்.

இறுதி நூலில் கல்லறைக் கல்வெட்டு 1981 என்றே உறுதிசெய்தது. செவ்வாய்க்கிழமைக்கு விளக்கம் வரவேயில்லை.

தலைப்பாகை

இனிதான் முக்கியமான பகுதி. முதல் நூலின் ஏழாம் அத்தியாயத்தில் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் வரவேற்பு விருந்து நடக்கிறது. ஹாரி ஆசிரியர் மேசையைப் பார்க்கிறான். தலைப்பாகை அணிந்த குயிரெல், ஸ்னேப்புடன் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தத் தலைப்பாகையைத் தாண்டி ஸ்னேப்பின் பார்வை ஹாரியின் கண்களைச் சந்திக்கிறது. அந்த நொடியில் ஹாரியின் நெற்றித் தழும்பில் சுரீரென்று வலி.

வலிக்குக் காரணம் யார்? ஸ்னேப் என்று ஹாரி எண்ணினான், நாங்களும் எண்ணினோம். நூலின் முடிவில் உண்மை வெளிப்படுகிறது. குயிரெலின் தலைப்பாகைக்குள், அவருடைய பின்மண்டையில், வால்டமோர்ட் ஒட்டியிருக்கிறான். ஸ்னேப்புடன் பேசியபோது குயிரெலின் முதுகுப்புறம் ஹாரியை நோக்கித்தானே இருந்திருக்கும்? விடை முதலிலிருந்தே அந்த வாக்கியத்தில் இருந்தது. தலைப்பாகை என்ற சொல்லையே ஆசிரியர் எழுதியிருந்தார். நாம்தாம் அதைத் தாண்டிப் பார்த்தோம்.

சரி, ஐந்தாம் அத்தியாயத்தில் இதே குயிரெல் ஹாரியின் கையைப் பற்றிக் குலுக்குகிறாரே, அப்போது ஏன் அவர் கை வெந்துபோகவில்லை என்று அவள் ஒருமுறை கேட்டாள். அதற்கும் நூலிலேயே விடை உண்டு. கிரிங்காட்ஸ் வங்கியில் கல்லைத் திருடத் தவறிய பிறகே, வால்டமோர்ட் குயிரெலை நெருங்கிக் கண்காணிக்க முடிவு செய்கிறான். கைகுலுக்கியபோது அவன் இன்னும் அந்த மண்டைக்குள் புகவில்லை. 2001இல் வந்த திரைப்படத்தில் குயிரெல் கைகொடுக்காமலே நழுவிவிடுவார். திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

நான் செய்த தவறு

2005 ஜூலை 16ஆம் நாள் ஆறாம் நூல் வெளியானது. அதன் முடிவில் டம்பிள்டோரை ஸ்னேப் கொல்கிறார். ஹாரியின் கண்ணெதிரில் நடக்கிறது. எங்களைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. அந்த இளையவள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"கொலையைக் கண்ணால் பார்த்த பிறகுமா?" என்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தேன். "செவ்வாய்க்கிழமை போல இதுவும் ஓர் இரகசியமோ?"

"ஹாரி பார்த்தது கொலையை. காரணத்தை அவன் பார்க்கவில்லை, அக்கா. தலைப்பாகையையும் அப்படித்தான் பார்த்தான்."

மேசையே சிரித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. அறிவுடைமை அதிகாரத்தைச் சொற்போர் மேடைகளில் மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். சொன்னது யார் என்று பார்த்தேனே தவிர, சொன்னது என்ன என்று பார்க்கவில்லை.

2007 ஜூலை 21ஆம் நாள் இறுதி நூல் வந்தது. அதற்குள் நான் பட்டம் பெற்று வெளியேறியிருந்தேன். ஸ்னேப்பின் நினைவுகள் வெளிப்படும் அத்தியாயத்தை இரவு இரண்டு மணிக்குப் படித்தேன். சாபத்தால் ஏற்கெனவே இறந்துகொண்டிருந்த டம்பிள்டோரே தம்மைக் கொல்லும்படி ஸ்னேப்பைக் கேட்டிருந்தார். ஹாரியின் தாய் லில்லியைச் சிறுவயது முதல் நேசித்தவர் ஸ்னேப்.

அந்த நினைவுகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஐந்தாம் நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் பெரியம்மா பெட்டுனியா, 'அந்த மோசமான பையன்' லில்லியிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டதாக உளறுவாள். உடனே ஹாரி குறுக்கிட்டு, தன் தந்தையைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வான். நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். உண்மையில் அந்தப் பையன் ஸ்னேப். பெட்டுனியா பெயர் எதையும் சொல்லவேயில்லை. பெயரைப் பொருத்தியது ஹாரியின் ஊகம்.

கண்டதும் கருதியதும்

பின்னர் முதல் நூலின் முதல் அத்தியாயத்தை மீண்டும் எடுத்தேன். அது ஹாரியின் பார்வையில் தொடங்குவதில்லை. அவன் பெரியப்பா டர்ஸ்லியின் பார்வையில் தொடங்குகிறது. வேலைக்குச் செல்லும் வழியில் ஒரு பூனை வரைபடத்தைப் படிப்பதை அவர் காண்கிறார். மறுகணமே, வெளிச்சம் செய்த மாயமாக இருக்கும் என்று தம்மைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். அவர் கண்டது சரி, கருதியது தவறு. அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பிறகு ஏழு நூல்கள் முழுதும் ஹாரியோடு சேர்ந்து நாமும் அதையே செய்கிறோம். எப்படிப் படிக்க வேண்டும் என்ற பாடத்தை ஆசிரியர் முதல் சில பக்கங்களிலேயே வைத்துவிட்டார்.

கண்டதையும் கருதியதையும் பிரித்துப் பார்ப்பதே அந்த இளையவளின் பென்சில் செய்த வேலை. அந்த முறை எல்லாப் புதிரையும் அவிழ்க்காது. செவ்வாய்க்கிழமை அதற்குச் சான்று. எழுதியவரும் மனிதர்தானே, பிழையும் இருக்கும். ஆனால் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும் முன் அம்முறை நம்மைத் தடுத்து நிறுத்தும்.

இன்று நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியை. சிறுகதைப் பாடத்தின்போது கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் 'கண்டது' என்றும் வலப்பக்கம் 'கருதியது' என்றும் எழுதுகிறேன். மாணவர்கள் கதையின் வரிகளைப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம்தான் முதலில் நிரம்புகிறது. இம்முறை யாருடையது என்றும் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவு, நேரத்தையும் பாராமல் அவளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். "ஸ்னேப் விஷயத்தில் நீ சொன்னதே சரி. அன்று எல்லார் முன்னிலையிலும் சிரித்ததற்கு மன்னித்துவிடு."

அவளும் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பதில் உடனே வந்தது.

"செவ்வாய்க்கிழமை விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி, அக்கா. எட்டாம் அத்தியாயத்தை நாளை மறுபடி படிப்போமா?"